அனுப்பும் நோக்கம்

பாய லேபாரில் பழைய வணிக வளாகம், மூன்றாம் மாடி.
ஞாயிறு பதினொரு மணிக்கே வரிசை படிக்கட்டு வரை.
கண்ணாடித் துளை வழியே
பொரித்த கோழியும் புது ஜீன்ஸும் மணக்க
சம்பளங்கள் என் கைக்கு வரும்.

என் கணினியில் நோக்கம் என்றொரு கட்டம்.
குடும்பச் செலவு, கல்வி, மருத்துவம், கடன்.
தர்யாத்தியிடம் நான் கேட்பதில்லை.
குடும்பச் செலவைத் தட்டிவிடுவேன்.

அந்தச் சொல்லுக்குள் என்னென்ன கிடக்கிறதென்று
மூன்று வருஷமாய்த் துண்டு துண்டாய்த்தான் தெரிந்தது.
ஏப்ரலில் விதை வெங்காயம்.
மே மாதம் உரக்கடைக்காரரின் நீல நோட்டு.
பாத்திக்குப் பாத்தி வெட்டிய கால்வாயில் இறங்கி
விடியலில் இலைப் பனியைத் தண்ணீர் வீசிக் கழுவும்
இருவருக்குக் கூலி.
பிறகு, ராத்திரி அந்துப்பூச்சியை இழுத்துக் கொல்ல
வயல் முழுக்கத் தொங்கும் பல்புகளுக்குக் கரண்ட் பில்.
"ஊரே கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும், பாங்.
சாப்பாடு மட்டும் போட மாட்டார்கள்."

அவளோ பிடோக்கில்
ஒரு முதியவரின் சக்கர நாற்காலியைத்
தள்ளிக்கொண்டிருக்கிறாள்.
வெயில் சாயும் பக்கம் பார்த்து
நாற்காலியைத் திருப்பும்போதெல்லாம்
அங்கே மழையா என்று கர்சோனோவுக்குத் தட்டச்சு செய்வாளாம்.

ஜூன் கடைசி ஞாயிறு
என் கவுண்டருக்கு முன் நின்றபடியே
அவள் கைப்பேசி அலறியது.
திரையில் கணவன், அவனுக்குப் பின்னால் தொப்பி வைத்த வியாபாரி.
வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து
நிற்கிற பயிருக்கு மொத்த விலை சொல்கிற ஆள்.
ஓரத்தில் நாலு செடியைப் பிடுங்கி
இருபத்தைந்து ஜூத்தா என்றான்.

"ஓரத்தில் ஏன் பிடுங்குகிறாய்? நடுவில் இறங்கு.
செருப்பைக் கழற்று."

வரிசை முணுமுணுத்தது.
மேலாளர் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.
எனக்கு அச்சு இயந்திரத்தில் திடீரென்று காகிதம் தீர்ந்துபோனது;
புதுச் சுருளைத் தேட
ரொம்ப நேரம் பிடித்தது.

வியாபாரி சேற்றில் இறங்கினான்.
பிடுங்கிய கொத்தைக் கேமராவுக்கு நேரே ஆட்டினான்;
மண் உதிர்ந்து
சிவப்புச் சிவப்பாய்ப் பல்லுப் பல்லாய்.
பின்னால் நின்ற பெண் ஒருத்தி
"முப்பது கேள், அக்கா" என்றாள்.
இன்னொருத்தி தன் ஊரில் போன வாரம் போன விலையைச் சொன்னாள்.
இருபத்தொன்பதுக்குப் படிந்தது.
யாரோ கைதட்டினார்கள். பாட்டரி நாலு சதவீதம்.

என் விரல் கெட்ட விரல்.
அந்தப் பருவத்துக்கு அவள் அனுப்பியது
இரண்டாயிரத்து அறுநூறு வெள்ளி.
இருபத்தொன்பது ஜூத்தாவை இன்றைய ரேட்டால் வகுத்தால்
நூற்றெண்பது வெள்ளி நட்டம்.
எண் மின்னுவதைக் கண்ணாடி வழியே அவளும் பார்த்தாள்.

"அப்படிக் கணக்குப் போடாதே, பாங்.
கடைக்காரர் நோட்டில் என் பக்கத்தை அடித்துவிட்டார்.
வெங்காயம் கட்டிய ஆறு பொம்பிளைகளுக்கு அரிசி வந்தது.
வயல் கைமாறாமல் இருக்கிறது.
போன தடவை இதைவிட மோசம்."
கொஞ்சம் நிறுத்தி,
"நட்டம்தான்" என்றாள்.

அன்று அவள் எதுவும் அனுப்பவில்லை.
சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில்
சாம்பாருக்கு வலைப்பையில் சின்ன வெங்காயம் வாங்கினேன்.
முந்நூறு கிராம், இரண்டு வெள்ளிக்கு மேல்.
விலையை இரண்டு முறை படித்தேன்.
உரிக்கும்போது எரிந்தது, எல்லாருக்கும் எரிகிற மாதிரி.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு.
"ரேட் என்ன?" என்றபடி வந்தாள்.
நானூறு வெள்ளி, ஐம்பது வெள்ளித் தாள்களாக.
இந்த முறை 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்து
விவரம் கேட்ட இடத்தில்
மறுபடியும் விதை என்று தட்டினேன்.
சிவப்புக் கோடு. ஏற்கப்படவில்லை.
இன்னொரு முறை. சிவப்புக் கோடு.

குடும்பச் செலவு.
ரசீதை இழுத்துக் கிழித்துக் கொடுத்தேன்.
அடுத்த ஆள்.